ஏழரையும் எட்டும்: கோசாரத்தின் கடின காலங்களைப் பொருள்கொள்ளும் முறை

பிறந்த நேரத்தில் வானில் கோள்கள் நின்ற இடங்களை ஜாதகம் ஒருமுறை எழுதி நிறுத்திவிடுகிறது. கோள்களோ அதன் பிறகும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த நகர்வை, எழுதி நிறுத்திய ஜாதகத்தின் மேல் பொருத்திப் பலன் காணும் முறையே கோசாரம். இந்த வடசொல் தமிழ் வழக்கில் கோட்சாரம் என்றும் திரிந்து, கோளின் சாரம் எனத் தமிழாகவே பொருள்படும் அளவுக்கு வேரூன்றிவிட்டது. ஒரு கோள் ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குள் நுழைவது பெயர்ச்சி எனப்படும். பன்னிரண்டு ராசிகளையும் ஒருமுறை சுற்றிவரச் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகளும், குருவுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகளும், ஒன்றுக்கொன்று நேர் எதிரே நின்று பின்னோக்கி நகரும் இராகு கேதுவுக்கு ஏறத்தாழ 18½ ஆண்டுகளும் ஆவதால், ஒரு ராசியில் சனி இரண்டரை ஆண்டும், குரு ஓராண்டும், இராகு கேது ஒன்றரை ஆண்டும் தங்குகின்றன. கடின காலம் என்று மக்கள் அஞ்சுவன பெரும்பாலும் மெதுவாக நகரும் இந்த நான்கின் பெயர்ச்சிகளே. பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் சந்திராஷ்டமம் இரண்டேகால் நாளில் கழிந்து மாதந்தோறும் திரும்பி வருவதால், அதற்குத் தினசரி நாட்காட்டியின் ஒரு வரி போதுமாகிறது. சனிப்பெயர்ச்சிக்கோ தனிப் புத்தகங்கள் அச்சாகின்றன.

இத்தகைய பெயர்ச்சியை மரபு எவ்வாறு பொருள்கொள்கிறது, எத்தனை அடுக்குகளில் அதை அளந்து பார்த்த பிறகு பலன் கூற இசைகிறது, அந்த அடுக்குகளில் எவை இன்றைய வழக்கில் உதிர்ந்துபோயின, அவை உதிர்ந்ததால் நேர்ந்தது என்ன என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

சந்திரனிலிருந்து எண்ணும் கணக்கு

கோசாரத்தில் இடங்களை எண்ணத் தொடங்கும் புள்ளி, பிறப்பின்போது சந்திரன் நின்ற ராசியாகும். இதுவே ஜன்ம ராசி. பிறந்த நேரத்தில் கிழக்கே உதித்துக்கொண்டிருந்த ராசியான லக்கினம் உடலையும் வாழ்வின் புறக்கட்டையும் குறிக்க, சந்திரன் மனத்தைக் குறிக்கிறது என்பது சோதிடத்தின் அடிப்படைக் கொள்கை. ஆகவே, கோள்களின் நகர்வு முதலில் மனத்தாலேயே உணரப்படுகிறது என்ற கருத்தே சந்திரனிலிருந்து எண்ணும் வழக்கத்துக்குப் பின்னால் நிற்கிறது எனலாம். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை கோசாரத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. மந்திரேசுவரரின் பலதீபிகையும் இப்பொருளை விரித்துரைக்கிறது.

நூல்கள் தரும் அட்டவணை எளியது. சனியும் செவ்வாயும் சந்திரனுக்கு 3, 6, 11 ஆகிய இடங்களில் நன்மை தரும்; சூரியனுக்கு இவற்றோடு 10 சேரும்; குரு 2, 5, 7, 9, 11 ஆகிய இடங்களில் நன்மை தரும்; இராகு கேதுவுக்கும் 3, 6, 11 என்பதே பெருவழக்கு. இயல்பிலேயே கடுமையான கோள்களுக்கு 3, 6, 11 நன்மையாவதற்குக் காரணம், இவை 10ஆம் இடத்தோடு சேர்த்து உபசயம், அதாவது நாளடைவில் வளரும் இடங்கள், என்று வகுக்கப்பட்டிருப்பதாகும். முயற்சி, பகை, ஆதாயம் ஆகியவற்றைக் குறிக்கும் இவ்விடங்களில் கடுமை ஒரு பலமாக மாறுகிறது என்பது கொள்கை.

இந்த அட்டவணையைக் கணக்காகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சனி பன்னிரண்டு இடங்களில் மூன்றில் மட்டுமே நன்மை தருவதால், எவருடைய வாழ்விலும் நான்கில் ஒரு பங்குக் காலமே சனியால் நற்காலம். குரு ஐந்து இடங்களில் நன்மை தருவதால், சனியும் குருவும் ஒருசேர நல்ல இடங்களில் நிற்கும் காலம் நீண்ட வாழ்நாளில் சராசரியாக 48இல் 5 பங்கு, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒன்று. இராகு கேதுவையும் சேர்த்தால் அது இன்னும் சுருங்கும். கோசாரம் மட்டுமே வாழ்வைத் தீர்மானிப்பதாயின் மனிதர் யாவரும் பத்தாண்டுக்கு ஓராண்டே தலைநிமிர முடியும். கண்ணெதிரே காணும் வாழ்க்கை அவ்வாறு இல்லை. நூலாசிரியர்களும் அதை அறிந்தே, இந்த அட்டவணையைத் தொடக்கமாக வைத்து, அதன் மேல் தடுப்புகளையும் அளவைகளையும் ஒவ்வொன்றாக அடுக்கினர்.

சனி நிற்கும் ஆறு வீடுகள்

சனியின் தீய இடங்கள் ஒன்பதில் ஆறுக்குத் தமிழ் வழக்கு தனித்தனிப் பெயர் சூட்டியிருக்கிறது. ஜன்ம ராசிக்கு முந்திய ராசியான பன்னிரண்டில் நிற்பது விரயச் சனி. ஜன்ம ராசியிலேயே நிற்பது ஜென்மச் சனி. இரண்டில் நிற்பது பாதச் சனி அல்லது குடும்பச் சனி. தொடர்ந்து வரும் இம்மூன்றும் சேர்ந்து ஏழரை ஆண்டுகள் ஆவதால் ஏழரைச் சனி என்ற பெயர் அமைந்தது. நான்கில் நிற்பது அர்த்தாஷ்டமச் சனி, அதாவது எட்டில் பாதியான நான்கு. ஏழில் நிற்பது கண்டகச் சனி. எட்டில் நிற்பது அஷ்டமச் சனி. ஏழரை என்ற எண் பேச்சுத் தமிழில் தொல்லைக்கே மறுபெயராகிவிட்டது: வீண் வம்பு இழுப்பவர் ஏழரையைக் கூட்டுகிறார்.

பன்னிரண்டாம் இடம் செலவையும் தூக்கத்தையும் தொலைவையும் குறிப்பதால் விரயச் சனியின்போது பணமும் ஓய்வும் கரையும் என்றும், ஜன்ம ராசி மனத்தின் இருப்பிடமாதலால் ஜென்மச் சனியின்போது சோர்வும் தனிமையும் கூடும் என்றும், இரண்டாம் இடம் பேச்சையும் குடும்பத்தையும் சேமிப்பையும் குறிப்பதால் பாதச் சனியின்போது வாய்ச்சொல்லால் வம்பு வரும் என்றும் பலன் வகுக்கப்படுகிறது. எட்டாம் இடம் ஆயுளையும் திடீர் மாற்றத்தையும் மறைவையும் குறிப்பதால் அஷ்டமச் சனி இரண்டரை ஆண்டே ஆயினும் ஏழரையை விடக் கடியது என்று கருதுவோர் பலர்.

ஏழரைச் சனி வாழ்வில் வரும் சுற்றுகளையும் வழக்கு பிரித்துக் காண்கிறது. முதற்சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி. இப்பெயர்களில் கோளின் கணக்கைப் போலவே மனித வயதின் கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஒரு சுற்றின் முடிவுக்கும் அடுத்ததன் தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 22 ஆண்டுகள் இடைவெளி இருப்பதால், பிறந்தபோது ஏழரை தொடங்கியவருக்கு மூன்றாம் சுற்று 59 வயதை ஒட்டியும், பிறக்கும் முன்னரே ஏழரை முடிந்துவிட்டவருக்கு 81 வயதை ஒட்டியும் தொடங்கும். அந்த ஏழரை ஆண்டுகளில் உடல் தளர்வதற்குச் சனி மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டாம் சுற்று பெரும்பாலும் முப்பதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை, அதாவது வீடு, பிள்ளைகள், பதவி ஆகியவை ஒருசேரப் பொறுப்பாக வரும் பருவத்தில் விழுகிறது. பொங்கு சனி என்ற பெயர் அந்தப் பருவத்துக்கும் பொருந்துகிறது. சனியைப் போல் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை என்ற பழமொழியும், முப்பது ஆண்டு வாழ்ந்தவரும் இல்லை, முப்பது ஆண்டு தாழ்ந்தவரும் இல்லை என்ற பழமொழியும் வழங்குகின்றன; பின்னது சனியின் ஒரு சுற்றைக் காலஅளவாகக் கொண்டது; இரண்டுமே அச்சத்தோடு ஆறுதலையும் சேர்த்தே சொல்கின்றன.

இக்கோளைப் பற்றிய தமிழ் அச்சத்துக்கு உருவம் கொடுத்தது நளன் கதை. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் நளன் நீராடிச் சனியின் பிடியிலிருந்து விடுபட்டான் என்பது தலபுராணம். அங்குள்ள நளதீர்த்தத்தில் நீராடுவது இன்றும் ஏழரைச் சனிக்குரிய முதன்மைப் பரிகாரம். ஆனால் புகழேந்தியின் நளவெண்பாவில் நளனைத் தொடர்ந்து வருத்துவது கலி. அந்நூலின் பிற்பகுதிகள் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்றே பெயர் பெற்றுள்ளன. காவியத்தில் கலி நின்ற இடத்தில் கோயில் மரபு சனியை நிறுத்தியதால், நாட்டை இழந்து, மனைவியைப் பிரிந்து, உருமாறி, பிறகு யாவற்றையும் மீட்ட ஒரு கதை, தொடங்கி முடியும் ஒரு கால அளவோடு பொருந்திவிட்டது. இழந்தவை மீளும் என்ற முடிவோடு அக்கதை சொல்லப்படுவதை ஏழரைச் சனிக்குப் பலன் எழுதுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

குருவும் நிழற்கோள்களும்

குரு சுபக்கோள் என்பதால் அதன் தீய இடங்கள் சனியின் இடங்களைப் போல அச்சுறுத்துவதில்லை. எனினும் 1, 3, 4, 6, 8, 10, 12 ஆகிய ஏழு இடங்களையும் நினைவில் நிறுத்தத் தமிழ்நாட்டில் ஒரு பழம்பாடல் வழங்குகிறது. ஜென்ம குருவில் இராமன் வனம் புகுந்ததும், எட்டில் வாலி பட்டம் இழந்ததும், பன்னிரண்டில் இராவணன் முடி வீழ்ந்ததும் என இடத்துக்கு ஒரு புராணத் துன்பத்தை அது பொருத்திச் செல்கிறது. பலனை விளக்குவதைவிட மனப்பாடத்துக்கே உதவும் இத்தகைய பாடல்கள், எண்ணோடு துன்பத்தைப் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிட்டன.

குருவின் பெயர்ச்சியைப் பொருள்கொள்வதில் நின்ற இடத்தைவிடப் பார்க்கும் இடம் முக்கியம். தான் நின்ற ராசியிலிருந்து 5, 7, 9 ஆகிய ராசிகளைக் குரு பார்க்கிறது. அந்தப் பார்வை பட்ட இடம் தழைக்கும் என்பதால்தான் குரு பார்க்கக் கோடி நன்மை என்ற சொல் எழுந்தது. சனியின் பார்வைகள் 3, 7, 10. ஆகவே, பத்தில் குரு பதவிக்கு இடையூறு என்று அஞ்சுபவருக்கும் அதே குருவின் பார்வை 2, 4, 6 ஆகிய இடங்களில் விழுந்து, குடும்பத்தையும் வீட்டையும் காத்து, கடனையும் அடைக்க உதவும் என்று சோதிடர் ஒரே மூச்சில் கூற முடிகிறது. இராகு கேதுவுக்கு உருவம் இல்லை. சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகளே அவை. எனவே, தமக்கென வீடு இல்லாத இவை தாம் நின்ற ராசியின் அதிபதியையும் உடன் நிற்கும் கோளையும் போலப் பலன் தரும் என்பது பொதுவிதி.

தடுப்பும் அளவையும்

அட்டவணையின் கடுமையைத் திருத்தும் அடுக்குகளில் முதலாவது வேதை, அதாவது ஒரு கோளின் பலனை வேறோர் இடத்தில் நிற்கும் இன்னொரு கோள் தடுப்பது. பலதீபிகை முதலிய நூல்களின்படி சனிக்கு நன்மையான 3, 6, 11 ஆகிய இடங்களுக்கு முறையே 12, 9, 5 ஆகியவை வேதை இடங்கள். பதினொன்றில் சனி நன்மை தர நிற்கும்போது ஐந்தில் வேறு கோள் இருந்தால் அந்த நன்மை தடைபடும். இதன் மறுதலையாக, ஐந்தில் சனி தீமை தர நிற்கும்போது பதினொன்றில் ஒரு கோள் இருந்தால் அத்தீமை தடைபடும். இது விபரீத வேதை எனப்படும். தந்தையும் மகனுமாகக் கருதப்படும் சூரியனும் சனியும் ஒன்றுக்கொன்று வேதை செய்வதில்லை. இவ்விதியைக் கூர்ந்து பார்த்தால், ஏழரையின் மூன்று பகுதிகளில் பன்னிரண்டாம் இடத்துக்கு மட்டுமே மறுதலை விலக்கு கிடைக்கிறது. 1, 2, 4, 7, 8 ஆகியவை இவ்விணைகளில் வருவதே இல்லை. வேதை நன்மையைக் குறைப்பதில் தாராளமாகவும், சனியின் தீமையைக் குறைப்பதில் சிக்கனமாகவும் இருப்பதை இது காட்டுகிறது.

இரண்டாவது அடுக்கு அஷ்டகவர்க்கம். ஏழு கோள்களும் லக்கினமும் ஆகிய எட்டும், ஒவ்வொரு கோளுக்கும் எந்தெந்த ராசிகளில் ஆதரவு தருகின்றன என்று பிறப்பு ஜாதகத்திலிருந்து கணித்து, ஆதரவுக்கு ஒரு பரல் வீதம் இடுவது இம்முறை. இராகு கேதுவுக்கு இதில் இடம் இல்லை. சூரியனுக்கு 48, சந்திரனுக்கு 49, செவ்வாய்க்கு 39, புதனுக்கு 54, குருவுக்கு 56, சுக்கிரனுக்கு 52, சனிக்கு 39 என எல்லா ஜாதகங்களிலும் மொத்தப் பரல்கள் மாறாமல் 337 ஆகும்; அவை பன்னிரண்டு ராசிகளுக்குள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதே ஜாதகத்துக்கு ஜாதகம் வேறுபடும். சனியின் 39 பரல்கள் பன்னிரண்டு ராசிகளுக்குப் பகிரும்போது சராசரி மூன்றேகால் ஆகிறது. ஆகவே, அஷ்டமச் சனி நிற்கும் ராசியில் சனியின் பரல்கள் ஐந்தோ ஆறோ இருப்பவருக்கு அக்காலம் உழைப்பும் பலனும் சேர்ந்த காலமாகவும், ஒன்றோ சுழியோ இருப்பவருக்கு நூல் எச்சரித்த காலமாகவும் அமையும் என்று கொள்ளப்படுகிறது. ஒரே ராசியில் பிறந்த இருவருக்கு ஒரே பெயர்ச்சி வேறுவேறாக அமைவதை மரபு விளக்கும் வழிகளில் எண்ணால் அளக்கக்கூடியது இதுவே.

இதன் நுட்பமான நீட்சி கக்ஷ்யை. ஒரு ராசியின் 30 பாகைகளை 3¾ பாகை வீதம் எட்டாகப் பகுத்து, சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், லக்கினம் என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதியை அளிப்பது இது. இரண்டரை ஆண்டை எட்டாகப் பிரித்தால் ஒரு பகுதியைக் கடக்கச் சனிக்குச் சராசரியாக மூன்றே முக்கால் மாதம் ஆகும். எந்தக் கோள் பரல் தந்ததோ அதன் பகுதியில் சனி செல்லும் மாதங்கள் இலகுவாகும் என்பது விதி. இரண்டரை ஆண்டும் ஒரே இருட்டு என்று கூறுவதற்கு இவ்விதி இடம் கொடுப்பதில்லை. மேலும், சனி ஆண்டுதோறும் ஏறத்தாழ நாலரை மாதம் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும் வக்ர காலத்தில் ஏறத்தாழ ஏழு பாகை திரும்பி வருவதால், ஜாதகத்தின் ஒரே புள்ளியை மூன்று முறை கடக்கவும் கூடும்; முதல் முறையில் எழுந்த சிக்கல், திரும்பும்போது மறுபரிசீலனைக்கு வந்து, மூன்றாம் முறை தீர்வதாகப் பொருள்கொள்வோரும் உண்டு.

மூன்றாவது அடுக்கு மூர்த்தி நிர்ணயம். கோள் ராசிக்குள் நுழையும் நொடியில் சந்திரன் ஜன்ம ராசிக்கு 1, 6, 11இல் இருந்தால் அப்பெயர்ச்சி பொன் மூர்த்தி, 2, 5, 9இல் வெள்ளி, 3, 7, 10இல் செம்பு, 4, 8, 12இல் இரும்பு. பொன்னிலிருந்து இரும்பு நோக்கி நன்மை குறையும். சந்திரன் இரண்டேகால் நாளுக்கு ஒரு ராசி மாறுவதால், இந்த அடுக்கு முழுவதும் பெயர்ச்சியின் நேரத்தைத் துல்லியமாக அறிவதையே நம்பியிருக்கிறது.

தசை என்னும் தவணை

மேற்கூறிய அனைத்துக்கும் மேலே நிற்பது தசாபுக்தி. பிறந்த நட்சத்திரத்திலிருந்து தொடங்கி, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, இராகு 18, குரு 16, சனி 19, புதன் 17 என மொத்தம் 120 ஆண்டுகளை ஒன்பது கோள்களுக்குப் பங்கிடும் விம்சோத்தரி முறையே தமிழ்நாட்டில் பெருவழக்கு. ஒவ்வொரு தசையும் அதே விகிதத்தில் ஒன்பது புக்திகளாகப் பிரியும். ஜாதகத்தில் இல்லாததைத் தசை தராது, தசை தராததைக் கோசாரம் தராது என்பது தேர்ந்த சோதிடர் பலரும் ஏற்கும் முன்னுரிமை வரிசை. ஜாதகம் ஒரு கடன் பத்திரம் எனில், தசை அதன் தவணையையும் கோசாரம் வசூலுக்கு வரும் நாளையும் குறிக்கும். பத்திரமே எழுதாதவர் வீட்டுக்கு வசூல்காரர் வந்து நின்றாலும் கேட்பதற்கு எதுவும் இருக்காது.

ஒரு பெயர்ச்சி, இரு ஜாதகங்கள்

இந்த அடுக்குகள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை ஒரு கற்பனைச் சான்றால் விளக்கலாம். திருக்கணிதப்படி சனி 29 மார்ச் 2025 அன்று மீனத்தில் நுழைந்தது. மீனம் சிம்மத்துக்கு எட்டாம் ராசி. ஆகவே, சிம்ம ராசியில் பிறந்தோர் யாவருக்கும் அது அஷ்டமச் சனி. இவர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்த இருவரை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கு ரிஷப லக்கினம், மற்றவருக்குச் சிம்ம லக்கினம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிஷப லக்கினத்தாருக்கு மகரமும் கும்பமும் ஒன்பதாம், பத்தாம் வீடுகள். அவற்றுக்கு அதிபதியான சனி பாக்கியத்தையும் தொழிலையும் ஒருசேரத் தரும் யோககாரகன். லக்கினத்திலிருந்து எண்ண, மீனம் பதினோராம் வீடு, ஆதாயத்தின் இடம். சந்திரனுக்கு எட்டில் நின்று மனத்தை அலைக்கழிக்கும் அதே சனி, லக்கினத்துக்குப் பதினொன்றில் நின்று தொழிலில் வருவாயைக் கூட்டுகிறது. அவருக்கு மீனத்தில் சனியின் பரல்கள் ஐந்தும், நடப்பது ரிஷபத்துக்கு 2, 5ஆம் வீடுகளின் அதிபதியான புதனின் புக்தியும் ஆயின், உறக்கம் குறைந்து பொறுப்பு மிகுந்தாலும் கைக்கு வருவது பெருகும் காலம் என்றே படிக்க வேண்டியிருக்கும். சிம்ம லக்கினத்தாருக்கோ சனி ஆறாம், ஏழாம் வீடுகளின் அதிபதி. லக்கினத்திலிருந்தும் சந்திரனிலிருந்தும் அது எட்டிலேயே நிற்கிறது. மீனத்தில் பரல் ஒன்றே இருந்து, நடப்பதும் சனியின் புக்தியே ஆயின், கடன், வழக்கு, கூட்டுத்தொழில் ஆகியவற்றில் புதிதாகக் கையெழுத்திடாமல் காலத்தைக் கடத்துவதே அவருக்குரிய அறிவுரை. குரு கடகத்தில் உச்சம் பெறும் காலத்தில் அதன் ஒன்பதாம் பார்வை மீனத்தில் விழுவதால் இருவருக்குமே கடுமை தணியும்; ஆனால் அதே குரு சிம்ம ராசிக்குப் பன்னிரண்டில் நிற்பதால் செலவோடு சேர்ந்த தணிவாகவே அது இருக்கும். ராசிபலன் பகுதியில் இந்த இருவருக்கும் கிடைத்திருக்கக்கூடியது ஒரே வாக்கியம்.

எந்தப் பஞ்சாங்கத்தின் பெயர்ச்சி

பொருள்கொள்வதற்கு முன்னரே எழும் இடர்ப்பாடு, பெயர்ச்சி எப்போது நிகழ்ந்தது என்பதில் உள்ள வேறுபாடு. தமிழ்நாட்டில் இரு கணித மரபுகள் வழங்குகின்றன. வாக்கியப் பஞ்சாங்கம், எண்களை எழுத்துகளாக மாற்றி மனப்பாடத்துக்கு ஏற்ப அமைத்த பழைய வாக்கியங்களைக் கொண்டு கோள்நிலையைக் கணிப்பது. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள் உண்டு. தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, நினைவிலிருந்தே வாய்பாடுகளைக் கூறி ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் 1825இல் தம் காலசங்கலிதம் என்னும் நூலில் பதிந்து வைத்தார். திருக்கணிதப் பஞ்சாங்கம், கண்ணால் காணும் வான்நிலையோடு ஒத்துவருமாறு திருத்திய கணிதத்தைக் கையாள்வது; சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டிலேயே இத்திருத்தத்துக்காக வாதாடிப் பஞ்சாங்கம் வெளியிட்டார். மேக்நாத் சாகா தலைமையில் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கையும் இக்கணித வழியையே பரிந்துரைத்தது.

இருமரபுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சனியில் மாதக் கணக்கில் விரிகிறது. சனி கும்பத்தில் நுழைந்தது திருக்கணிதப்படி 29 ஏப்ரல் 2022இல். வக்ரத்தால் அவ்வாண்டு சூலையில் மகரத்துக்குத் திரும்பி, 17 சனவரி 2023இல் மீண்டும் கும்பம் புகுந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அப்பெயர்ச்சி விழா 20 டிசம்பர் 2023 அன்று நடந்தது. அன்று திருக்கணிதப்படி சனி கும்பத்தில் எட்டுப் பாகையைக் கடந்திருந்தது. இந்தப் பதினோரு மாதங்களில் ஒருவருக்கு ஏழரை முடிந்ததா இல்லையா என்பது அவர் கையிலுள்ள பஞ்சாங்கத்தைப் பொறுத்ததாயிற்று. மூர்த்தி நிர்ணயத்தில் இது இன்னும் கூர்மையடைகிறது: 17 சனவரி 2023 மாலையில் சந்திரன் விருச்சிகத்திலும், 20 டிசம்பர் 2023 மாலையில் மீனத்திலும் இருந்தமையால், ரிஷப ராசியினருக்கு அதே பெயர்ச்சி ஒரு பஞ்சாங்கத்தில் செம்பாகவும் மற்றொன்றில் பொன்னாகவும் ஆகிறது. கோயில் வழிபாட்டுக்கு வாக்கியம், ஜாதக கணிதத்துக்குத் திருக்கணிதம் என்று பிரித்துக்கொள்வது நடைமுறையில் வழங்கும் உடன்பாடு. எனினும் பலனைச் சொல்பவர் தாம் எதன்படி சொல்கிறார் என்பதை முதலில் சொல்வதே நேர்மை.

சோதித்தவர்கள் கண்டது

சோதிடக் கணிப்புகளை அறிவியல் முறையில் சோதித்தவர்கள் அவற்றில் தற்செயலை விஞ்சிய தேர்ச்சியைக் காணவில்லை. ஷான் கார்ல்சன் அமெரிக்காவில் நடத்தி 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை மேலைச் சோதிடத்தைப் பற்றியது. இந்தியச் சோதிடத்தை நேரடியாகச் சோதித்தது வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரும் பிறரும் மகாராட்டிரத்தில் நடத்திய ஆய்வு: கல்வியில் சிறந்த மாணவர்களும் அறிவுவளர்ச்சி குன்றியவர்களுமாக இரு வகையினரின் 200 ஜாதகங்களிலிருந்து ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள் அனுப்பப்பட்டு, எது எவ்வகை என்று பிரிக்கக் கேட்கப்பட்டது, விடையனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 விழுக்காடு, அதாவது நாணயம் சுண்டிப் பெறக்கூடிய அளவு. இச்சோதனைகள் பிறப்பு ஜாதகத்தைப் பற்றியன. கோசாரத்தைத் தனியே சோதிக்கவில்லை. எனினும் ஜாதகம் தராததைக் கோசாரம் தராது என்ற மரபின் சொந்த விதிப்படியே, அடித்தளத்தின் மீதான ஐயம் மேல்மாடியையும் சேரும்.

கோசாரத்துக்கே உரிய இரு கேள்விகளும் உண்டு. பெயரிட்ட ஆறு வீடுகளும் பன்னிரண்டில் பாதி. ஆகவே, எந்த நாளிலும் பன்னிரண்டில் ஆறு ராசிகள் ஏழரை, அர்த்தாஷ்டமம், கண்டகம், அஷ்டமம் ஆகியவற்றுள் ஒன்றில் சிக்கியே இருக்கும். ஏழரை ஆண்டு என்பது எந்தக் குடும்பத்திலும் ஒரு சாவோ, ஒரு கடனோ, ஒரு வேலை மாற்றமோ நிகழப் போதுமான காலம்; நிகழ்ந்ததும் அது சனியின் கணக்கில் எழுதப்படுகிறது, நல்லது நிகழ்ந்தால் வேறு கோளின் கணக்குக்குப் போகிறது. இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. வேதை, பரல், கக்ஷ்யை, மூர்த்தி, பார்வை, தசை என்று விலக்குகள் பெருகப் பெருக, நடந்து முடிந்த எதற்கும் ஏதோ ஒரு விதியைக் காரணமாகக் காட்டிவிட முடியும். அடுக்குகள் அச்சத்தைத் தணிக்கின்றன. அதே வேளையில் பலன் பொய்க்கும் வாய்ப்பையும் மறைத்துவிடுகின்றன. இக்குறையை ஓரளவு களையும் வழி, எந்த அடுக்குக்கு எந்த அடுக்கு மேல் என்ற வரிசையை முன்கூட்டியே நிறுவி, பலனை நிகழ்வுக்கு முன் எழுதி வைப்பதாகும். அதைச் செய்ய முன்வந்தோர் மிகச் சிலரே.

உதிர்ந்த அடுக்குகளும் எஞ்சிய அச்சமும்

நாளிதழும் தொலைக்காட்சியும் சனிப்பெயர்ச்சிச் சிறப்பிதழும் வாசகரிடம் அறிந்துகொள்ளக்கூடியது அவருடைய ராசி ஒன்றே. லக்கினமோ, பரலோ, நடக்கும் தசையோ அங்கு எட்டாது. எனவே, மரபு கட்டிய மாடியில் மேலடுக்குகள் யாவும் உதிர்ந்து, அடியிலிருந்த அட்டவணை மட்டும் பொதுமக்களிடம் சென்று சேர்ந்தது. நான்கில் மூன்று பங்குக் காலத்தைச் சனியால் தீமை என்று சொல்லும் அட்டவணை அதுவாதலால், அதை மட்டும் பெற்றவருக்கு அச்சமே மிஞ்சியது. நம்பிக்கையாளரின் பக்கமிருந்து பார்த்தால், விதியைப் பாதியில் நிறுத்தியதால் விளைந்த பிழை இது. ஐயுறுபவரின் பக்கமிருந்து பார்த்தால், பாதியை மட்டும் சொல்வதால்தான் பரிகாரச் சந்தை நடக்கிறது. இரு பக்கத்தினரும் ஒப்பக்கூடியது, ஜன்ம ராசியை மட்டும் கேட்டுக்கொண்டு திருமணத்தைத் தள்ளிப்போடவோ, சிகிச்சையைத் தாமதிக்கவோ, பெருந்தொகையில் பரிகாரம் செய்யவோ சொல்பவர், அச்சோதிட நூல்களின் விதிப்படியே கூட முறை தவறியவர் என்பது.

பரிகாரங்களிலும் இதே வேறுபாடு காணப்படுகிறது. சனிக்கிழமை எள் தீபம், காக்கைக்குச் சோறு, முதியோருக்கும் உடலுழைப்பாளிக்கும் உதவி, திருநள்ளாறு, குச்சனூர் போன்ற தலங்களுக்குப் பயணம் ஆகிய பழைய பரிகாரங்கள் பெரும்பாலும் செலவு குறைந்தவை. சனி குறிப்பதாகக் கூறப்படும் முதுமை, உழைப்பு, வறுமை ஆகியவற்றின் பக்கம் மனிதரைத் திருப்புபவை. கடின காலத்தைக் கடப்பவருக்குச் செய்ய ஒரு வேலையும், எண்ண ஒரு நாளும், முடிவுக்கு ஒரு தேதியும் அவை தருகின்றன. கோளின் வலிமையை ஏற்காதவரும், துன்பத்துக்கு ஓர் எல்லை இட்டுக் காட்டுவதால் மனத்துக்குக் கிடைக்கும் பிடியை மறுக்க இயலாது.

ஆகவே, கோசாரத்தின் கடின காலத்தைப் பொருள்கொள்வதென்பது, எட்டில் சனி என்ற சொல்லில் தொடங்கி, எந்த லக்கினம், எந்தப் பஞ்சாங்கம், அந்த ராசியில் எத்தனை பரல், எந்தத் தசையில் எந்தப் புக்தி என்று கேட்டுக்கொண்டே செல்லும் விசாரணை. அக்கேள்விகளை முழுதும் கேட்டு முடித்தவர் அச்சமூட்டும் ஒற்றை வாக்கியத்தை அரிதாகவே எழுதுவார்; எழுத நேர்ந்தாலும், இரண்டரை ஆண்டுக்குள் எந்த மாதங்கள் என்பதையும், அது முடியும் நாளையும் அதன் பக்கத்திலேயே குறித்துக் கொடுப்பார்.